உழுந்தின் நடுவிரல்: ஓர் எலிப் படுக்கையின் நிகழ்வு ஆய்வு

2024 ஜூன் மாதம். கச்சான் காற்று இரவெல்லாம் யன்னலை அடித்துக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில், என் தங்கையின் மகன் திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டுப் படலையைத் தட்டினான். கையில் சப்பாத்துப் பெட்டி, அதற்குள் உழுந்து. "பெரியம்மா, இவளுடைய கால் வீங்கிவிட்டது. படுக்கையில் மாட்டிக்கொண்டு கிடந்தாள்" என்றான். "நீங்கள் பின்னிய படுக்கையில்" என்று சொல்லவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த நாகரிகம் இருந்தது.

உழுந்து என்பவள் எலி. தலையும் தோளும் கறுப்பு, முதுகெலும்பு வழியே ஒரு கறுப்புக் கோடு, மற்றதெல்லாம் வெள்ளை. ஊறவைத்துப் பாதித் தோல் கழன்ற உழுந்து போல இருந்ததால் அந்தப் பெயர். அவளுடைய கூட்டாளி பயறு. வறுத்த பயற்றின் நிறம்.

எலிக்கு முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து. உழுந்தின் வலது பின்காலின் நடுவிரலில் மயிரைவிடச் சற்றே தடித்த பொன்னிற இழை ஒன்று மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. இழைக்கு அப்பால் விரல் நாவற்பழ நிறத்தில் பருத்திருந்தது. இழையின் மறுநுனியை அவளே கடித்து அறுத்திருக்கிறாள். அறுத்திராவிட்டால் முழுக் காலும் போயிருக்கும். அந்த இழை, நான் ஆசையாக வைத்திருந்த ஒரு பழைய சேலையின் சரிகை.

அந்த விரலுக்கு ஏன் அப்படி நடந்தது, அதன் பிறகு பதினேழு மாதங்களில் பின்னிய படுக்கைகளில் எது நின்றது, எது கெட்டது என்பதை இங்கே எழுதுகிறேன். நான் மிருக வைத்தியர் அல்ல. பழந்துணியைக் கிழித்துக் குறோசே ஊசியால் கால்மிதியும் கூடையும் பின்னி விற்பவள். துணியைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். எலியைப் பற்றிச் சொல்வதெல்லாம் அந்த இரண்டு எலிகளிடமும் அவற்றைப் பார்த்த வைத்தியரிடமும் கற்றவை.

எலிகள் வந்த விதம்

2024 மார்ச்சில் தங்கையின் கணவர் கொழும்புக்கு வேலையாகப் போனபோது, தெரிந்தவர் ஒருவர் வளர்த்த எலி குட்டி போட்டிருந்தது. எலி தனியாக வளரக்கூடிய பிராணி இல்லை. துணை இல்லாவிட்டால் வாடிவிடும். ஆகவே இரண்டு பெண் குட்டிகளை ஒன்றாகக் கொண்டுவந்தார். வளர்ப்பு எலிகள் நோர்வே எலி எனப்படும் பழுப்பு எலியின் வழிவந்தவை. நம் கூரைக்குள் இரவில் ஓடுவது பெரும்பாலும் வேறோர் இனம். இந்த வித்தியாசத்தை என் அம்மாவுக்கு விளக்க மூன்று நாள் ஆனது. கடைசியில் அவர் ஒரு சமரசத்துக்கு வந்தார்: "பிள்ளையார் தன் வாகனத்தை இங்கே நிறுத்திவிட்டுப் போகட்டும். ஆனால் குசினிக்குள் வரக்கூடாது."

கூடு பழைய கிளிக்கூடு. அடியிலும் கம்பி. கம்பித் தளத்தில் நாள் முழுதும் நிற்கும் எலிக்கு உள்ளங்கால் தடித்து, புண்ணாகி, சீழ் வைக்கும். ஈரமும் சேர்ந்தால் விரைவில் வைக்கும். மென்மையான ஒரு படுக்கை வேண்டியிருந்தது. வெளிநாடுகளில் இதற்குக் குளிர்காலக் கம்பளித் துணியைப் போன்ற செயற்கைத் துணி ஒன்றை விரிப்பார்களாம். வெயிலில் முப்பத்துநான்கு பாகை கொதிக்கும் திருகோணமலையில் அந்தத் துணியை யார் கடையில் அடுக்கி வைப்பார்கள்? பெரியம்மாதான் பின்னுகிறாரே என்று பிள்ளை என்னிடம் வந்தான்.

முதற் படுக்கையும் என் கணக்கும்

சேலையைத் தெரிந்தெடுத்தது நான். பட்டுப்போல மினுங்கும் பொலியெஸ்ரர் சேலை, தலைப்பில் சரிகை. மூன்று சென்ரிமீற்றர் நாடாக்களாகக் கிழித்து, பத்து மில்லிமீற்றர் ஊசியில் ஒரு கிண்ணம் பின்னினேன். கால்மிதிக்கு நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன். கிழித்த நாடாவின் இரு ஓரமும் பிசிறு விட்டுப் பூத்து நிற்கும். அந்தப் பிசிறுதான் கால்மிதிக்கு அழகு, தண்ணீரை உறிஞ்சுவதும் அதுதான். வாங்குபவர்கள் அதைத் தடவிப் பார்த்துத்தான் விலை கேட்பார்கள். அதே பிசிறை எலியின் படுக்கைக்கும் அழகென்று நினைத்தேன். என் தவறு முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

முதல் இரவே இரண்டும் அதில் ஏறிச் சுருண்டு படுத்தன. பிள்ளை படம் எடுத்து உறவினர் எல்லாருக்கும் அனுப்பினான். பாராட்டு வந்தது, நானும் குளிர்ந்துபோனேன். பதினோராம் நாள் சப்பாத்துப் பெட்டி வந்தது.

என்னிடம் நூல் வெட்டும் நுனிக் கத்தரி இருந்தும், அந்த விரலில் அதை வைக்கத் துணியவில்லை. இழை தசைக்குள் இறங்கியிருந்தது. ஒன்பது மணிக்கு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். மாட்டுக்கும் நாய்க்கும் இடையில் எங்களை இருத்தினார்கள். முறை வந்ததும் வைத்தியர் பெட்டிக்குள் பார்த்துவிட்டு, "எலியைப் பற்றி என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் வேறு காரியத்துக்குத்தான் வருவார்கள்" என்றார். ஆனால் கவனமாகப் பார்த்தார். துவாயில் சுற்றி, கண்ணை மூடி, பெரிதாக்கும் கண்ணாடிக்குக் கீழே இழையை மூன்று இடத்தில் வெட்டி, ஒவ்வொரு துண்டாக இழுத்தெடுத்தார். விரலின் நுனிக் கணு கறுத்துக் காய்ந்து ஒன்பதாம் நாள் தானாக விழுந்தது. நகம் போய்விட்டது. இரண்டு கிழமையில் உழுந்து கம்பியில் ஏற ஆரம்பித்தாள். இன்றைக்கும் அந்தக் காலை வைக்கும்போது சிறிது வெளிப்பக்கம் திருப்பித்தான் வைப்பாள்.

புறப்படும்போது வைத்தியர் இன்னொன்றும் சொன்னார். எலிக்கு வாந்தி எடுக்க முடியாது. எலிப் பாசாணம் வேலை செய்வதற்கு அதுவும் ஒரு காரணம். விழுங்கியதை வெளியே தள்ள அதற்கு வழி இல்லை. அப்படியென்றால் விழுங்கிய நூலும் அப்படியே உள்ளே போகும், குடலை அடைத்தால் அடைத்ததுதான். கோட்டைப் பக்கத்து மான்கள் நகரத்துக்குள் வந்து குப்பையில் பொலித்தீனை மெல்லுவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். எனக்கு அந்தப் படம்தான் மனதில் வந்தது.

துணியைப் படித்தல்

வீட்டுக்கு வந்து படுக்கையைப் பிரித்து மேசையில் பரப்பினேன். துளை பெரிதாக இருந்ததுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். துளையில் கால் போயிருக்கலாம். ஆனால் காலைப் பிடித்து வைத்தது துளை அல்ல. பிசிறு.

நெய்த துணியில் பாவு நூல் நீளவாக்கில் ஓடும், ஊடை நூல் குறுக்கே ஓடும். இரண்டும் ஒன்றையொன்று மேலும் கீழுமாகப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் துணி. அதை நாடாவாகக் கிழித்தால் ஓரத்தில் நீளவாக்கில் நிற்கும் இழையைப் பிடிக்க ஒரு பக்கம்தான் இருக்கிறது. ஒரு நகம் அதைக் கொழுவி இழுத்தால், நாடா எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கும் உருவிக்கொண்டு வரும். பருத்தியாக இருந்தால் பாதியில் அறுந்துவிடும். பொலியெஸ்ரர் இழையும் இக்காலச் சரிகையும் இழுத்தால் இலகுவில் அறுவதில்லை. எலி பயந்து சுழல, இழையும் அதனோடு சுழன்று விரலில் ஏறுகிறது.

ரீசேர்ட் துணி வேறு. அது நெய்ததில்லை, இயந்திரம் பின்னியது. ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்து வருவது. அதன் குறுக்கே நாடா வெட்டி இரு முனையையும் பிடித்து இழுத்தால், ஓரம் இரண்டும் உள்நோக்கிச் சுருண்டு, நாடா ஒரு கயிறாகிவிடும். வெட்டிய ஓரம் சுருளுக்குள் ஒளிந்துகொள்கிறது. அதிலும் சுருளாகச் சுற்றிச் சுற்றி வெட்டும்போது கத்தரி ஒரே கண்ணி வரிசையில் போவதில்லை. வரிசை விட்டு வரிசை சரிந்துகொண்டே போகும். ஆகவே நீள இழை கழன்று வர வழியில்லை. குறுந்தும்புகள்தான் உதிரும்.

தடிப்பையும் மென்மையையும் கையால் பார்த்துத் துணி தெரிவது என் இருபது வருடப் பழக்கம். இங்கே அந்தக் கை உதவவில்லை. ஆண்கள் இடுப்பில் கட்டும் பழஞ்சாரம் ரீசேர்ட்டைவிட மென்மையானது, ஆனால் நெய்தது. அதன் பிறகு அலுமாரியில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரு சோதனை வைத்தேன். ஒரு மூலையை வெட்டி, புருவம் பிடுங்கும் குறட்டினால் ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிடித்து இழுப்பது. என் சுண்டுவிரலின் ஒரு கணுவைவிட நீளமாக வந்தால் அந்தத் துணி எலிக்கு இல்லை. சாரம், சேலை, பள்ளிச் சீருடை, படுக்கை விரிப்பு எல்லாம் தோற்றன. துவாய் இரண்டு முறை தோற்றது: ஓரம் பிரிந்ததோடு, அதன் மேற்பரப்பில் நிற்கும் சிறு வளையங்களில் நகம் மாட்டும். பெண்பிள்ளைகள் போடும் இறுக்கமான காற்சட்டைத் துணி பின்னல்தான், ஆனால் அதற்குள் ரப்பர்போல் இழுபடும் இழை ஓடுகிறது. கடித்தால் அது தனியாக நீண்டு வெளியே வரும். தேறியவை பருத்தி ரீசேர்ட்டும் ஆண்களின் பெனியனும் மட்டும்.

2024இல் ஜனாதிபதித் தேர்தல் செப்டெம்பரிலும் பாராளுமன்றத் தேர்தல் நவம்பரிலும் நடந்தன. அந்தக் காலத்தில் இலவச ரீசேர்ட்டுக்குக் குறைவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஆசைப்பட்டேன். எனக்குக் கிடைத்தவை முழுவதும் பொலியெஸ்ரர், நெஞ்சை நிறைக்கும் பிளாஸ்டிக் அச்சு. அச்சுள்ள இடத்தை எலி உரித்து உரித்துத் தின்னப் பார்க்கும். எந்தக் கட்சியும் எங்கள் கூட்டுக்குள் வரவில்லை.

இரண்டாம் படுக்கை

பெரியவர் போடும் ரீசேர்ட்டின் அக்குளுக்குக் கீழுள்ள பகுதியை மட்டும் எடுத்தேன். சுற்றளவு ஏறக்குறைய ஒரு மீற்றர், உயரம் நாற்பது சென்ரிமீற்றர். அடி மடிப்பை வெட்டி எறிந்தேன். இரண்டரைச் சென்ரிமீற்றர் அகலத்தில் சுருளாக வெட்டினால் பதினாறு மீற்றர் வரும், இழுத்துச் சுருளச் செய்தால் இன்னும் சற்றுக் கூடும். இங்கே ஒரு நுணுக்கம். சில ரீசேர்ட்டுகளில் பக்கவாட்டில் தையல் இருக்கும், சிலவற்றில் இருக்காது. துணியே குழாயாகப் பின்னப்பட்டிருக்கும். தையல் உள்ளதை எடுத்தால் ஒவ்வொரு மீற்றருக்கும் இரண்டு இடத்தில் ஓரத்தையல் நூல் வெட்டுப்பட்டு நிற்கும். அது பொலியெஸ்ரர் நூல். சரிகையை வாசலால் அனுப்பிவிட்டு அதன் தங்கையைப் பின்கதவால் கூட்டிவந்ததுபோல் ஆகும். குழாய்த் துணியைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் தையலை முழுவதும் வெட்டி நீக்கிவிட்டுத் துண்டு நாடாக்களை இணைக்கலாம்.

இணைப்பதற்கு ஊசி நூல் வேண்டாம். இரு நாடாவின் நுனியிலும் சிறு பிளவு வெட்டி, ஒன்றை மற்றொன்றின் பிளவுக்குள் நுழைத்து, அதன் மறுமுனையை முதலாவதன் பிளவால் இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும். சிறு கட்டி விழும். கட்டியை எலி பல்லால் தேடிப் பிடிக்கும் என்பதால், அது சுவரின் வெளிப்பக்கம் வருமாறு இரண்டு தையல் முன்னதாகவே கணக்குப் பார்க்க வேண்டும்.

ஊசி எட்டு மில்லிமீற்றர். இறுக்கிப் பிடித்தால் சுருங்கும் வளையத்தில் ஆறு ஒற்றைத் தையல். அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு, பன்னிரண்டாகும். பிறகு சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டே எட்டாம் சுற்றில் நாற்பத்தெட்டுக்கு வந்தால், இருபது சென்ரிமீற்றர் விட்டத்தில் தட்டையான அடி கிடைக்கும். முந்நூறு கிராமுக்கு உட்பட்ட இரண்டு பெண் எலிகள் ஒன்றின்மேல் ஒன்று படுக்க அது போதும். அதன் பிறகு கூட்டாமல் நான்கு சுற்றுப் பின்னினால் சுவர் எழும். மொத்தம் இருபத்தாறு மீற்றர் நாடா. ஒரு ரீசேர்ட் போதாது, ஒன்றரை வேண்டும். கடைசி நுனியில் முடிச்சுப் போட்டு வெட்டுவது நம் எல்லாருடைய பழக்கம். இங்கே பதினைந்து சென்ரிமீற்றர் விட்டு வெட்டி, அதை எட்டுத் தையல்களுக்கு அடியால் ஒரு திசையிலும் பிறகு நான்கு தையல்களுக்குள் எதிர்த்திசையிலும் ஓட்டிப் புதைத்தேன். முடிச்சு என்பது எலிக்கு "இங்கே தொடங்கு" என்று எழுதிய பலகை.

துளைக்கும் ஓர் அளவு வைத்தேன். பென்சில் நுழைந்தால் படுக்கை தோற்றது. இதுவரை எல்லாம் சரியாக வந்தது. எலிகள்தான் அதில் படுக்கவில்லை.

கச்சான்

இலங்கையில் பலருக்குக் கச்சான் என்றதும் நினைவுக்கு வருவது வறுத்த கடலை. எங்களுக்கு அது மேற்கிலிருந்து வரும் காற்றின் பெயரும்தான். மே முதல் செப்டெம்பர் வரை நிலத்தைத் தாண்டி வந்து, ஈரமெல்லாம் மலைநாட்டில் உதிர்த்துவிட்டு, வெறும் வெக்கையாக இறங்கும். கொடியில் போட்ட துணி மூன்று மணித்தியாலத்தில் அப்பளமாகும். மனிதர் வேர்த்துத் தப்பிக்கிறோம். எலிக்கு அந்த வசதி இல்லை. உமிழ்நீரை மயிரில் பூசிக்கொள்ளும், மற்றபடி வாலால்தான் சூட்டை வெளியே விடும். மயிரில்லாத வால் அதற்கு ஒரு வெப்பச் சாளரம். வெக்கை கூடும்போது வாலுக்கு இரத்தம் பாயும், தொட்டால் சுடும். முப்பது பாகைக்கு மேல் போனாலே எலிக்கு ஆபத்து தொடங்குகிறது.

அப்படிப்பட்ட பிராணிக்கு ஒன்றரை ரீசேர்ட்டை அரை அங்குலத் தடிப்பில் பின்னிச் சுவரும் எழுப்பி வைத்திருந்தேன். அவை அதை வாசலாக மிதித்துக் கடந்துபோய், கூட்டின் மூலையில் வைத்த ஓட்டுத் துண்டின்மேல் வயிற்றைத் தரையோடு ஒட்டி, காலும் வாலும் பரப்பிப் படுத்தன. பிள்ளை கவலைப்பட்டான். நான் கொஞ்சம் கோபப்பட்டேன், உண்மையைச் சொல்வதென்றால். இரண்டு இரவு கண்விழித்துப் பின்னியது.

மூன்றாவது படுக்கை ஏணையாக வந்தது அதனால்தான். குழந்தைக்குச் சேலையில் கட்டும் ஏணை கீழிருந்தும் காற்று வாங்கும். அம்மா எங்களை வளர்த்ததே அதில். செவ்வகமாக, அகலம் இருபத்திரண்டு தையல், இருபது வரிசை. நான்கு மூலையிலும் சாவி வளையம் கோத்துக் கூட்டின் கம்பியில் மாட்டினேன். கயிறு எதுவும் இல்லை. மேசையில் வைத்துப் பென்சிலால் குத்திப் பார்த்தேன், நுழையவில்லை. தொங்கவிட்டு இரண்டு எலியும் ஏறியதும் பயற்றின் பின்கால் முழுதாகத் துளைக்குள் இறங்கியது.

ரீசேர்ட் நாடா இழுபடும் என்பது எனக்குத் தெரியாததா? கூடை பின்னும்போது கைப்பிடி தொய்வதைப் பார்த்து எத்தனை முறை திட்டியிருக்கிறேன். ஆனால் சோதனையை வெறும் பின்னலில் செய்தேன், பாரத்தில் செய்யவில்லை. அன்றிலிருந்து எந்த ஏணையும் முதலில் கதிரைக் கால்களுக்கிடையில் தொங்கும். அதற்குள் அரைக் கிலோ சீனிப் பொதி ஒன்று ஒரு நாள் முழுதும் கிடக்கும். அதன் பிறகுதான் பென்சில். ஆறு மில்லிமீற்றர் ஊசிக்கு இறங்கியபோது துளை மூடியது, என் மணிக்கட்டு இரண்டு நாள் நொந்தது. எலிகள் ஏணையை ஏற்றுக்கொண்டன. பகல் வெக்கை கூடிய நாட்களில், உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைப் பெனியன் துண்டில் சுற்றி ஏணைக்குக் கீழே வைத்தோம். வால் இரண்டும் போத்தல் பக்கமாகத் தொங்கும்.

மாரி

ஐப்பசி பிறந்து வாடைக் காற்று திரும்பியதும் கதை தலைகீழானது. எலிகள் கிண்ணத்துக்குத் திரும்பின, சந்தோஷம். ஆனால் தோய்த்த கிண்ணம் காய மூன்று நாள் எடுத்தது. மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். நடு வளையத்தை அழுத்தினால் குளிரும். தடித்த பருத்திப் பின்னலின் தன்மை அது. அவசரத்தில் அரை ஈரத்தோடு கூட்டுக்குள் போனது, மறுநாளே மூக்கைப் பிடிக்கும் நெடி வந்தது.

அந்த நெடி அமோனியா. சிறுநீரில் உள்ள யூரியாவைப் பக்டீரியாக்கள் உடைக்கும்போது வருவது. ஈரமும் சூடும் இருந்தால் விரைவாக வரும். நமக்கு நெடி தெரியும்போது, நாளெல்லாம் அதற்குள் மூக்கைப் புதைத்துப் படுத்திருக்கும் எலிக்கு எப்படி இருக்கும்? வளர்ப்பு எலிகள் பலவற்றின் சுவாசப்பையில் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி ஏற்கெனவே குடியிருக்கும். அமோனியா தொண்டையையும் மூக்கையும் புண்ணாக்கினால் அது எழும்பிக்கொள்ளும். நவம்பர் கடைசியில் பயறு தும்ம ஆரம்பித்தாள். மறுநாள் மூக்கைச் சுற்றியும் கண்ணோரமும் சிவப்பு.

தங்கை அழுதேவிட்டாள், இரத்தம் என்று. பிள்ளைதான் நிதானமாக இருந்தான். எலியின் கண்ணுக்குப் பின்னாலுள்ள ஒரு சுரப்பி போஃபிரின் என்ற சிவப்புப் பொருளைச் சுரக்கும். நோயிலும் மன அழுத்தத்திலும் அது கூடும். ஊதாக் கடந்த ஒளியில் அது ஒளிரும் என்று வாசித்திருந்தான். தகப்பனின் கடையிலிருந்து கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கைக் கொண்டுவந்து, சிவப்பைத் துடைத்த பஞ்சின்மேல் பிடித்தான். பஞ்சு இளஞ்சிவப்பாக மின்னியது. இரத்தம் இல்லை என்று நிம்மதி. நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை.

வைத்தியர் மார்பில் காது வைத்துக் கேட்டுவிட்டு டொக்சிசைக்கிளின் எழுதினார். வயலில் இறங்கும் கமக்காரருக்கு எலிக்காய்ச்சல் வராதிருக்கக் கொடுக்கும் மருந்து அது. "அதை இப்போது எலிக்கே கொடுக்கிறோம்" என்று தங்கை அழுகைக்கு நடுவில் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. அதே டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவிச் சிலர் இறந்தார்கள். அம்மா பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, எலியைக் கொண்டுபோய் விடச் சொன்னார். அவருடைய பயத்தைக் கேலி செய்ய முடியாது. எலிக்காய்ச்சல் கிருமி, தொற்றிய எலியின் சிறுநீரில் வந்து, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் தங்கி, நம் காலிலுள்ள கீறலால் ஏறுகிறது. வீட்டுக்குள் பிறந்து வளர்ந்த எங்கள் எலிகளுக்கு அது இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் கூட்டிலிருந்து சிந்தும் தானியத்துக்குக் கூரை எலி வந்துபோனால் அந்தக் கணக்கு மாறிவிடும். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்று சில ஏற்பாடுகள் செய்தோம். கூடு திண்ணையிலிருந்து உள்ளறைக்கு வந்தது. சிந்திய தீனி பொழுதுபட முன் கூட்டப்படும். படுக்கையைக் கிணற்றடியில் தோய்ப்பது நின்றது. அதற்கென ஒரு சிவப்பு வாளி, கையுறை, கொதிநீர். நன்றாகக் காயும்வரை எதுவும் கூட்டுக்குள் போகாது. அந்தக் கிருமிக்கு ஈரம்தான் உயிர்; காய்ந்தால் நிலைக்காது.

மாரியில் அப்படிக் காயவைப்பது எப்படி என்பதுதான் மிச்சமிருந்த சிக்கல். இன்னும் நான்கு கிண்ணம் பின்னி மாற்றி மாற்றிப் போடலாம் என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை, நாடா வெட்டி மிஞ்சிக் கிடந்த ரீசேர்ட்டின் தோள் பகுதியை எடுத்து, தையலை வெட்டிவிட்டு, இரண்டாக மடித்துக் கிண்ணத்தின் அடியில் போட்டான். அவ்வளவுதான். சிறுநீரை அந்தத் துண்டு வாங்கிக்கொண்டது. தினமும் துண்டை மாற்றினோம். மெல்லிய ஒற்றைத் துணி, மழை நாளிலும் மின்விசிறிக்குக் கீழே ஓர் இரவில் காய்ந்தது. கிண்ணத்தைக் கிழமைக்கு ஒருமுறை தோய்த்தால் போதும் என்றானது. ஏணையில் விரித்தபோது துளைப் பிரச்சினையும் பாதி தீர்ந்தது. பின்னாத துணி, நான் பின்னியதன் இரண்டு குறைகளையும் மூடியது. தொழில்காரிக்கு இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் நடந்தது இதுதான்.

தோய்ப்பதில் ஒன்று. மணக்கும் சவர்க்காரத் தூளும் துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். அந்த வாசனையும் தும்மலைக் கிளப்பும். வெறும் வினாகிரி கலந்த நீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, பிறகு வாசனையற்ற சவர்க்காரத்தில் கசக்கி, மூன்று நீர் அலசினால் நெடி போகிறது. துண்டையும் கிண்ணத்தையும் ஒரே நாளில் தோய்க்கவும் கூடாது. தன் மணம் முழுவதும் போன கூட்டை எலி உடனே சிறுநீரால் மறுபடி எழுத ஆரம்பித்துவிடும்.

நின்றவை, கெட்டவை

இதுவரை ஒன்பது படுக்கை. சேலைக் கிண்ணம் பதினோரு நாள். முதல் ரீசேர்ட் கிண்ணம் கச்சானில் சும்மா கிடந்ததைக் கழித்தால் ஒன்பது கிழமை. சுவரில் ஒரு யன்னல் கடித்துத் திறந்தார்கள். எலியின் வெட்டுப்பல் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டிருக்கும், கடிப்பதை நிறுத்தச் சொல்ல முடியாது. முதல் ஏணை ஓர் இரவு. இறுக்கிப் பின்னிய ஏணைகள் மூன்றும் சராசரியாக இரண்டு மாதம் நின்றன. மூன்றாம் கிழமையில் கையகலம் தொய்வது எல்லாவற்றுக்கும் பொது. மிச்ச மூன்றும் கிண்ணம். கடித்த இடத்தை ஒட்டுப்போட நான் முயலவில்லை. ஒட்டுப்போட்ட இடத்தில் ஓரம் கூடும், நுனி கூடும். ஒரு கண்ணி அறுந்து நாடா வாலாகத் தொங்கினால் அன்றே படுக்கை வெளியே போகும். மிச்சம் கால்மிதிக்கு நடுவில் போகும். எலிப் படுக்கையை நான் இப்போது தோசை சுடுவதுபோல்தான் பார்க்கிறேன். எத்தனை நாள் இருக்கும் என்று எவரும் தோசையைக் கேட்பதில்லை.

செலவென்று ஒன்றும் இல்லை, சாவி வளையத்துக்குக் கொடுத்த சில நூறு ரூபாவைத் தவிர. உழைப்புக்கு ஒரு கிண்ணத்துக்கு மூன்றரை மணித்தியாலம், வெட்டுவதையும் சேர்த்து. இதைப் பின்னி விற்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. வாங்குபவர் தினமும் ஓரத்தைப் பார்ப்பாரா, வால் தொங்கிய அன்றே எறிவாரா என்பது எனக்குத் தெரியாது. ஆகவே விற்பதில்லை. கேட்பவருக்கு வெட்டும் முறையைக் காட்டிக்கொடுக்கிறேன்.

பயறு அந்த மாரியைத் தாண்டினாள். 2025 ஆவணியில் மார்பில் கட்டி வந்து இறந்தாள். பெண் எலிகளுக்கு வயதானபோது அடிக்கடி வருவதாம். அவள் கடைசியாகப் படுத்த துண்டை ஒரு கிழமை தோய்க்காமல் விட்டோம். உழுந்து அதைக் கிண்ணத்தின் அடிக்கு இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் படுத்தாள். அவளுக்குத் துணையாக இன்னொன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.

உழுந்துக்கு இப்போது ஏறக்குறைய இருபத்திரண்டு மாதம். இரண்டு மூன்று வருட ஆயுளில் அது கிழப்பருவம். பின்னங்கால்கள் சோர்ந்து, இடுப்பை இழுத்துக்கொண்டு நடக்கிறாள். ஏணைக்கு ஏற முடியாது. ஐந்து சென்ரிமீற்றர் சுவரும் உயரமாகிவிட்டது. போன கிழமை சுவர் நான்கு சுற்றையும் பிரித்து, ஒரு சுற்று மட்டும் திருப்பிப் பின்னி முடித்தேன். மிச்ச நாடா மடியில் கிடந்தது. அவள் வந்து ஒரு நுனியைக் கவ்விக்கொண்டு, பின்பக்கமாக இழுத்துக்கொண்டே போய், படுக்கைக்குள் அடுக்கப் பார்த்தாள். வாயிலிருந்து மெதுவாகக் கழற்றி எடுத்தேன். ஐந்து சென்ரிமீற்றர்த் துண்டுகளாக நறுக்கி ஒரு பிடி முன்னால் வைத்தேன். அதைவிட நீளமான எதுவும் அந்தக் கூட்டுக்குள் தனியாகப் போவதில்லை. ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் அடுக்கினாள், நடுவிரலில் நுனி இல்லாத காலைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி வைத்தபடி.